காயத்துக்கு ஒரு கட்டம்

அத்தியாயம் 14

காலை ஆறரை மணிக்கு மாமனாரின் சட்டையைக் கழற்றியபோது, வலது தோளுக்குக் கீழே புதிதாக ஒன்று இருப்பதை விஜயலட்சுமி பார்த்தாள்.

நேற்றுக் காலை அது இல்லை. கருநீலமாக, ஒரு சாண் நீளத்துக்கு இரட்டைக் கோடாக வீங்கியிருந்தது. விரல் பட்டதும் பஞ்சநதம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

பக்கவாதம் வந்த ஐந்து மாதமாக வலது கையும் காலும் விளங்கவில்லை. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் இந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு எப்போதும் தெளிவாக வரும்.

விஜயலட்சுமி போனை எடுத்து அந்த இடத்தைப் படம் பிடித்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷீட்டைத் திறந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இந்த ஷீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பஞ்சநதத்துக்கு இருதயத் துடிப்பு சீராக இல்லை. அதனால் ரத்தம் கட்டி மூளைக்குப் போய்த்தான் ஆளைச் சாய்த்தது. மறுபடி கட்டாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லேசாக இடித்தாலும் கன்றிப்போகும், தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. "எல்லாத்தையும் தினம் எழுதுங்கம்மா. நோட்டு வேண்டாம், தொலைஞ்சு போயிடும். எக்ஸெல்ல போட்டு எனக்கும் ஷேர் பண்ணுங்க. காயம் தெரிஞ்சா போட்டோவும் வேணும்" என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார்.

சொன்ன ஆள் சரியான ஆளிடம்தான் சொன்னார். கமருன்னிஸாவின் ஆன்லைன் கடையில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை பட்டாவும் சாதிச் சான்றிதழும் விண்ணப்பித்துக் கொடுப்பவள் விஜயலட்சுமி. முதல் வாரம் மட்டும் தேதி தலைகீழாக விழுந்து, செப்டம்பர் மூன்று மார்ச் ஒன்பது ஆனது. டாக்டர் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு தப்பு இல்லை. மேல்வரிசை நகராது. அழுத்தம் நூற்றைம்பதைத் தாண்டினால் கட்டம் தானே சிவக்கும். காயம் என்றால் எந்த இடம், எவ்வளவு நீளம், படம், காரணம். காரணத்துக்குக் கண்டபடி எழுத முடியாது. கடையில் விண்ணப்பத்தில் வருவதுபோல ஒரு பட்டியல் திறக்கும், அதிலிருந்து ஒன்றைத் தொட வேண்டும். மாத்திரை, விழுந்தது, தெரியவில்லை. மூன்றே மூன்று.

அவள் 'மாத்திரை'யைத் தொட்டாள். இது ஒன்பதாவது முறை.

பொய். ஒன்பதும் பொய். அடித்தது அவள் கணவன் மதிவாணன்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தை கடைசியில் யாரும் எதிர்பார்க்காத மழை கொட்டி, அறுப்புக்கு நின்ற சம்பா முழுக்கத் தண்ணீரில் சாய்ந்துவிட்டது. டயர் வைத்த அறுப்பு மிஷின் சேற்றில் இறங்காது, செயின் சக்கரம் வைத்த மிஷின் வேண்டும். பாபநாசம் சுற்றிலும் அத்தனை பேருக்கும் அதுதான் வேண்டும். நாள் பூராவும் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தவனிடம், கட்டிலில் கிடந்தபடி பஞ்சநதம் வாய் குழறச் சொன்னார்: "நானா இருந்தா... மார்கழியிலயே... வடிகாலை வெட்டியிருப்பேன்."

அவ்வளவுதான். மற்றதைத் தோள் சொல்கிறது.

அவள் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். பயம் என்றால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். அதில் பதினெட்டரை வருடம் அந்தக் கை அவள் மேல்தான் விழுந்தது. மாமனார் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் மேல் ஓர் அடி விழவில்லை. அடி இடம் மாறிவிட்டது. அந்த நிம்மதியில் அவள் இரவு தூங்கினாள். தூங்கி எழுந்ததும் அதை நினைத்துத் தன்னையே வெறுத்தாள். மறுபடி தூங்கினாள்.

ஆனால் படத்தை மட்டும் ஒருநாளும் விடவில்லை. பொய் சொல்ல முடிந்தாலும், முழுப் பொய் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது.

இறங்கியது வள்ளியம்மை. மதிவாணனின் தங்கை, மஸ்கட்டில் நர்ஸ். போன வாரம் விஜயலட்சுமியிடம் போனில், "நான் வர்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்தவள். பெட்டியைக்கூட இறக்கவில்லை. "வீரையன் அண்ணே, இருங்க, உடனே கிளம்பற மாதிரி இருக்கும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நேரே அப்பாவின் கட்டிலுக்குப் போனாள். சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தாள். தடவவில்லை, அழவில்லை. நிமிர்ந்து அடுப்படிக்கு வந்தாள்.

விஜயலட்சுமி டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வள்ளி. இன்னைக்குன்னு சொல்லவே இல்லையே..."

"அண்ணி, அப்பாவுக்கு ரத்தம் உறையற அளவு, அந்த ஐ.என்.ஆர்., கடைசியா எவ்வளவு?"

"ரெண்டு புள்ளி ஆறு. செவ்வாய்க்கிழமை எடுத்தது."

"அதுக்கு முன்னாடி?"

"ரெண்டு நாலு."

"மூணைத் தாண்டினாதான் மாத்திரையால சும்மா கன்னும். அஞ்சு மாசமா ஒரு தடவைகூடத் தாண்டல. நீங்க ஷேர் பண்ணின ஷீட்டை நானும் தினம் பார்க்கிறேன்ல?" வள்ளியம்மை தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஷீட்டில் காயம் இருந்த நாட்களை மட்டும் பிரித்து வைத்திருந்தாள். ஒன்பது வரிசை. "முதுகு. தோள். தொடை. மறுபடி முதுகு. ஒரு தடவைகூட முழங்கால்ல இல்ல, முழங்கையில இல்ல. தடுமாறி இடிச்சுக்கற மனுஷனுக்கு அங்கதானே முதல்ல கன்னிப்போகும்? மாத்திரைக்கு முதுகு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா?"

விஜயலட்சுமியின் கையில் காபி சிந்தியது.

"லிஸ்ட்ல மூணே காரணம் வச்சிருக்கீங்க. நாலாவதா ஒண்ணு இருக்கே, அதை ஏன் வைக்கல?"

விஜயலட்சுமி சிந்திய காபியைக் கரித்துணியால் துடைத்தாள்.

"குளிப்பாட்டறது நீங்க. சோறு ஊட்டறது நீங்க. பீ மூத்திரம் அள்றதும் நீங்க. அலுப்பா இருக்கும், ஒத்துக்கறேன். முடியலன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல? நான் ஆள் வச்சுப் பார்த்திருக்க மாட்டேனா?"

"வள்ளி, நான் இல்ல..."

அறை விழுந்தது. டம்ளர் உருண்டது. சூடான காபி விஜயலட்சுமியின் காலில் கொட்டியது. பத்தொன்பது வருடமாக 'அண்ணி' என்று ஏக மரியாதையாகக் கூப்பிட்டவள் மூச்சு வாங்க நின்றாள்.

"நீ இல்லன்னா வேற யாருடி?"

விஜயலட்சுமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்தாள். மதிவாணன் அங்கே நின்றிருந்தான். முழங்கால் வரை சேறு. தோளில் வழக்கம்போல, பவர் டில்லரிலிருந்து எப்போதோ கழற்றிய பழைய ரப்பர் பெல்ட். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. ஒருவழியாகக் கிடைத்த அறுப்பு மிஷின் மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று சாப்பிட வந்திருந்தான்.

அவன் கண் அவள் கண்ணைச் சந்தித்தது. சொல்லிப் பார் என்றது.

அவள் சொல்லவில்லை. வாசகர்கள் என்னைத் திட்டி எழுதுவீர்கள், தெரியும். எனக்கும் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. குனியக் குனியக் குட்டுகிறவன் மட்டுமா குற்றவாளி?

வள்ளியம்மை அண்ணனைப் பார்த்ததும் உடைந்தாள். "அண்ணே, நீ வயல்ல கிடக்கிறே. வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? வா, அப்பா வாயாலயே கேளு."

மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். பஞ்சநதம் தலையணையில் சாய்ந்து, நல்ல கையான இடது கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் நடந்தது எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"அப்பா, பயப்படாதீங்க. நான் வந்துட்டேன். உங்களை அடிக்கிறது யாரு?"

கிழவர் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவன் காலில் இருந்த சேற்றைப் பார்த்தார். ஒரு காலத்தில் அவரும் அதே சேற்றில் நின்று, இந்தப் பையனை மாடு ஓட்டும் தார்க்குச்சியால் விளாசியவர்தான். கொல்லை முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். இன்றைக்கு அவருக்கு எது ஞாபகம் வந்ததோ, கண் நிறைந்தது.

இடது கையால் ஆளைக் காட்டக் கூடாது என்று வளர்ந்த மனிதர், அந்த இடது கையைத் தூக்கி விஜயலட்சுமியைக் காட்டினார்.

"இவ... இவதான்."

விஜயலட்சுமிக்குக் காது அடைத்துக்கொண்டது. காலையில் இவர் முகத்தை நாம்தானே துடைத்துவிட்டோம் என்று மட்டும் தோன்றியது.

மதிவாணன் ஒரு நொடி திகைத்தான். ஒரே நொடிதான். கிடைத்ததை விடுகிற ஆளா அவன்? பெல்ட்டைத் தோளிலிருந்து உருவி இரண்டாக மடித்தான்.

"எங்கப்பன் மேலயாடி கை வச்சே?"

முதல் அடி முதுகில். அவள் சுருண்டாள். இரண்டாவது கழுத்தோரம். கையைத் தூக்கித் தடுத்தாள். மூன்றாவது முழங்கைக்கு மேலே சதையில் பட்டுச் சுரீரென்று இறங்கியது. பதினெட்டரை வருடத்துப் பழைய வலி விட்டுப்போன இடத்திலிருந்தே தொடங்கியது. ஆனால் இந்தத் தடவை அவன் கத்தினான். ஊருக்குக் கேட்க வேண்டும், தங்கைக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக்கொண்டே அடித்தான்.

"நல்லா போடுண்ணே!" என்றாள் வள்ளியம்மை. அதையும் மறைப்பதற்கில்லை. சொன்னாள்.

நான்காவது அடியில் விஜயலட்சுமி கீழே விழுந்து, சேலை விலகி, அடிபட்ட கை வெளிச்சத்தில் நீண்டது.

வள்ளியம்மை அந்தக் கையைப் பார்த்தாள். இரண்டு சிவப்புக் கோடு, பக்கத்தில் பக்கத்தில், தண்டவாளம் போல. நடுவில் வெளுப்பு. கையிலிருந்த போனைப் பார்த்தாள். பொங்கலுக்கு முந்தின நாள், தொடை, படம். விரலால் பெரிதாக்கினாள். இரண்டு கோடு, நடுவில் வெளுப்பு. கார்த்திகை மாதம், முதுகு. இரண்டு கோடு. இன்று காலை, தோள். அதே இரண்டு கோடு, அதே அகலம்.

பன்னிரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அண்ணே. நிறுத்து."

அவன் நிறுத்தவில்லை.

"நிறுத்துன்னு சொல்றேன்ல!" அவள் பாய்ந்து பெல்ட்டின் நுனியைப் பிடித்தாள். "இது உன் பெல்ட்டுதானே? அஞ்சு மாசமா இந்தப் பெல்ட்டுதானே? பாரு, படத்தைப் பாரு! அவங்க எதால அடிச்சாங்க, இதாலயா? இது எந்நேரமும் உன் தோள்ல கிடக்குது!"

மதிவாணனின் முகம் மாறியது. அதுவரை நடிப்பு பாதி, கோபம் பாதி. இப்போது நடிப்பு கழன்றுவிட்டது.

"எனக்குப் பாடம் நடத்த மஸ்கட்லேருந்து வந்தியா? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சாக்லேட்டு குடுத்துட்டுப் போறவளுக்கு என்னடி தெரியும்?"

தள்ளினான். வள்ளியம்மை அலமாரியில் போய் மோதினாள். உதடு கிழிந்து முகவாயில் ரத்தம் வழிந்தது. அவன் பெல்ட்டை ஓங்கினான்.

அப்போது பஞ்சநதம் எழுந்தார்.

ஐந்து மாதமாக இரண்டு பேர் பிடிக்காமல் நிற்காதவர், வாக்கரைக்கூடத் தொடாமல், கட்டில் சட்டத்தை ஊன்றி எழுந்தார். ஒரு காலை இழுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, மகனுக்கும் மகளுக்கும் நடுவில் வந்தார்.

"டேய் மதி... வேண்டாண்டா..."

"தள்ளுங்க!"

முழங்கையால் ஒரு இடி. வேண்டுமென்று அடித்தது இல்லை, அவரை விலக்கியதுதான். ஆனால் விளங்காத காலால் ஊன்ற முடியுமா? பின்னால் சாய்ந்தார். பின்மண்டை கதவு நிலையில் மோதியது. தேங்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

விஜயலட்சுமிதான் முதலில் நகர்ந்தாள். தவழ்ந்தே போய் அவர் தலையை மடியில் எடுத்தாள். ரத்தம் சூடாக விரலிடுக்கில் வழிந்தது. நிற்கவில்லை. நிற்காது, அதற்குத்தானே மாத்திரை. அவள் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஒன்பது முப்பத்தைந்து.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது மதிவாணன்தான். ஆறடி மனிதரை ஒரு குழந்தையைப் போல இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, "அப்பா, அப்பா, என்னைப் பாருங்கப்பா" என்று அழுதுகொண்டே ஓடினான். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் கொடுமை.

காரில் பின் இருக்கையில் அவன் மடியில் அப்பாவின் தலை. காலடியில் விஜயலட்சுமி நெருக்கிக்கொண்டு, துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தியபடி இருந்தாள். முன்னால் வள்ளியம்மை, உதட்டில் கைக்குட்டை. இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்த நெல் வயல்கள் ஓடின. மெலட்டூர் தாண்டியது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாரு" என்றான் மதிவாணன். "மூணு பேரும் அதைத்தான் சொல்லணும்."

வீரையனின் கண் கண்ணாடியில் ஒரு முறை நிமிர்ந்து தாழ்ந்தது.

"போனைக் குடுடி. அந்த ஷீட்டை அழிச்சுப்புடு."

"என்கிட்ட அழிச்சா வள்ளிகிட்ட இருக்கும். டாக்டர்கிட்டயும் இருக்கும்" என்றாள் விஜயலட்சுமி. துண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவன் குரல் உடைந்தது. "சின்ன வயசுல இந்த ஆளு என்னை எத்தனை அடி அடிச்சாருன்னு தெரியுமா? தென்னை மரத்துல கட்டி வச்சு அடிச்சாரு. எட்டு வயசு எனக்கு. ஆடு நாத்தை மேஞ்சுடுச்சாம், அதுக்கு. அதையெல்லாம் எவ எழுதி வச்சா? அதுக்கு எவ ஷீட்டு போட்டா?"

பதில் இல்லாத கேள்வி. ஆனால் அவன் செய்ததற்கு அது பதிலும் இல்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை மணிக்கு அடிபட்டது?"

"ஒன்பது முப்பத்தஞ்சு" என்றாள் விஜயலட்சுமி. "ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறாரு, நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு அஞ்சு எம்.ஜி. செவ்வாய்க்கிழமை ஐ.என்.ஆர். ரெண்டு புள்ளி ஆறு. காலையில அழுத்தம் நூத்தி நாப்பத்திரண்டுக்கு எண்பத்தெட்டு. சர்க்கரை நூத்திப் பதினெட்டு."

டாக்டர் நிமிர்ந்தாள். "இப்படி யாரும் சொல்றதில்லம்மா. இதுவே எங்களுக்குப் பாதி வேலை." எழுதிக்கொண்டாள். "எப்படி அடிபட்டது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டாரு" என்றான் மதிவாணன், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

டாக்டரின் பார்வை அவன் சேற்றுக் காலுக்கும், வள்ளியம்மையின் உதட்டுக்கும், விஜயலட்சுமியின் கையிலிருந்த இரட்டைக் கோட்டுக்கும் போய் வந்தது. "இவங்களும் வழுக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் நர்ஸிடம், "ஸ்கேன். போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கும் தகவல் சொல்லிடுங்க" என்றாள்.

ஸ்கேன் அறை வாசலில் ஸ்டிரெச்சர் நின்றது. மதிவாணன் சீட்டு வாங்க வரிசைக்குப் போயிருந்தான். பஞ்சநதத்துக்கு நினைவு வந்து வந்து போனது. இடது கை துழாவி விஜயலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"விஜயா... விழுந்துட்டேன்னு... எழுதிக்க."

அவள் குனிந்தாள். வழி முழுக்க நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"என்னை ஏன் மாமா கை காட்டினீங்க?"

கிழவரின் கடைவாயில் எச்சில் வழிந்தது. பழக்கதோஷத்தில் அவள் முந்தானையால் துடைத்தாள்.

"அவன்... எனக்குக் கொள்ளி வைக்கணும்ல... போலீசுக்குப் போயிட்டா..." மூச்சு வாங்கினார். "நீ... நீ தாங்குவே."

அதைத் திட்டிச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார். ஒரு மாட்டைப் பற்றி, நல்லா இழுக்கும் என்று சொல்கிற மாதிரியான பாசம்.

ஸ்டிரெச்சர் உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. விஜயலட்சுமி தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் தன்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அவளுக்கு இரண்டே வார்த்தையில் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து ஷீட்டைத் திறந்தாள். பத்தாவது காயம். பின்மண்டை. ஒன்பது முப்பத்தைந்து. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. காலியாக விட்டாள்.

வள்ளியம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. அறைஞ்சிட்டேன். போடுன்னு வேற சொன்னேன். என் வாயில புழுதான் புழுக்கும்."

"விடுங்க."

"அண்ணி..." குரலைத் தாழ்த்தினாள். "போலீஸ் வருவாங்க. விழுந்துட்டாருன்னே சொல்லிடலாமா? அப்பா பிழைச்சா நான் மஸ்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அண்ணன் உள்ள போனா ஊர்ல தலை காட்ட முடியாது. உங்க பொண்ணு வேற திருச்சியில ஹாஸ்டல்ல படிக்குது, அது காதுக்குப் போனா தாங்குமா?"

விஜயலட்சுமி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில என்னை என்ன பண்றதா இருந்தீங்க வள்ளி? நான்தான் அடிச்சேன்னு நினைச்சப்ப?"

வள்ளியம்மை உதட்டுக் கைக்குட்டையை மடித்தாள். போலீசில் கொடுப்பதாகத்தான் வந்திருந்தாள். அதற்காகத்தான் காரை நிறுத்தியே வைத்திருந்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

பூட்ஸ் சத்தம் கேட்டது. அவுட்போஸ்ட்டிலிருந்து பெண் ஏட்டு ஒருவர், அக்குளில் ஒரு நீளப் புத்தகத்தோடு வந்தார். மறு பக்கத்திலிருந்து சீட்டோடு மதிவாணனும் வந்துகொண்டிருந்தான். ஏட்டைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்றுவிட்டான்.

"பஞ்சநதம்கிறவரோட வந்தது நீங்கதானே? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மருமக."

"எப்படிம்மா அடிபட்டது?"

மதிவாணன் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் பின்வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. சொல்லிப் பார்.

"தள்ளினதுல நிலையில மோதிட்டாரு" என்றாள் விஜயலட்சுமி. "அதுக்கு முன்னாடி அஞ்சு மாசமா ஒன்பது தடவை அடி. இன்னைக்கு எனக்கும். எல்லாத்துக்கும் தேதி இருக்கு, படம் இருக்கு."

வள்ளியம்மை முகத்தை மூடிக்கொண்டாள்.

"யாரு அடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

"பேரு?"

இந்த இடத்தில் அவளுக்குப் பெயர் வாயில் வரவில்லை. கடையில் ஆயிரம் விண்ணப்பத்தில் ஆயிரம் புருஷன்மார் பெயரைத் தட்டச்சு செய்தவள். தன் புருஷன் பெயரை விரலால் எத்தனையோ முறை அடித்திருக்கிறாள். வாயால் சொன்னதில்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் சொன்னார், அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதை மீறியதில்லை. 'அவரு', 'என்னங்க', 'பொண்ணோட அப்பா' என்றே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்த நாட்களில்கூட, 'என்னங்க, வேண்டாங்க' என்றுதான் கத்தியிருக்கிறாள்.

"எழுதித் தர்றீங்களா?" என்றார் ஏட்டு. அவருக்கு இந்தத் தயக்கம் பழக்கமானது போலிருக்கிறது. பேனாவை நீட்டினார்.

விஜயலட்சுமி பேனாவை வாங்கவில்லை. அவனை நேராகப் பார்த்தாள்.

"மதிவாணன்" என்றாள்.

குரல் நடுங்கியது. ஆனால் அந்த நடைவழியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஏதோ அறை வாங்கியவன் மாதிரி அவன் தலை பின்னால் போனது. கையிலிருந்த சீட்டு கசங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தான்.

அவள் நகரவில்லை.

"பஞ்சநதம் மகன் மதிவாணன்" என்றாள் மறுபடியும். இந்தத் தடவை நடுக்கம் இல்லை. "வயசு நாப்பத்தேழு. அதோ நிக்கிறாரு."

ஏட்டு பேனா மூடியைக் கடித்துக் கழற்றினார். அவர் எழுதத் தொடங்குவதற்குள் ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. அந்தச் சின்ன டாக்டர் வெளியே வந்து, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியவரோட சொந்தம் யாரு, முன்னாடி வாங்க" என்றாள்.